படிக்கும் நாளுக்கும் கூலி!

பட்டமா, பட்டினியா? வேலையை விட்டால்தான் கல்லூரி. வேலையை விட்டால் அடுப்பெரியாது! ஏழை எந்நாட்டில் பிறந்தாலும் இதே கேள்விதான், தோழர்களே!

இங்கிலாந்தைப் பாருங்கள். நர்சுப் படிப்புக்குத் தந்துவந்த உதவித்தொகையை 2017-ல் புதிய மாணவர்க்கு நிறுத்தினர். "கடன் வாங்கிப் படி" என்றனர். அதே ஆண்டில் இன்னொரு வாயிலும் திறந்தது — தொழில் பழகுநராகவே நர்சுப் பட்டம்! நோயாளியின் உடல் துடைத்து, உணவூட்டிய உதவிப் பணியாளர், மருத்துவமனையில் ஊதியம் வாங்கிக்கொண்டே பல்கலைக் கழகம் செல்லலாம். பெரும்பாலும் 4 ஆண்டு. கட்டணம் அவர் தலையில் இல்லை.

மட்டமான பட்டமோ? அன்று! பாடம் 2,300 மணி, நோயாளியருகே பயிற்சி 2,300 மணி. கல்லூரி மாணவருக்கும் அதே அளவுகோல்!

பணம்? ஆண்டுக்கு 30 இலட்சம் பவுண்டுக்கு மேல் சம்பளம் வழங்கும் நிறுவனங்கள், மிகுதித் தொகையில் நூற்றுக்கு அரை பவுண்டு பயிற்சி வரி கட்டவேண்டும் என்று 2017 ஏப்ரலில் விதித்தனர். அந்த நிதி கட்டணத்துக்கு உண்டு, கூலிக்கு இல்லை! பழகுநர் வகுப்புக்குப் போனால், அவரிடத்தில் நிற்பவருக்குச் சம்பளம் யார் தருவது? மருத்துவமனைதான்! ஆகவே பல மருத்துவமனைகள் தயங்கின. 2018-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கல்விக் குழுவே இந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டிற்று.

வாயிலைத் திறந்தால் போதுமா? உள்ளே நடக்கவும் வழி வேண்டாமா? உழைப்பாளி கேட்பது சலுகையன்று. படிக்கும் நாளுக்கும் கூலி!