பதவி ஓர் அமானிதம்



ஒரு நோன்புப் பெருநாளுக்கு முன், நம் மேற்கு மாம்பலத்தைச் சேர்ந்த அரசு ஊழியர் ஒருவர் என்னிடம் வந்தார். “ஹள்ரத்! ஒப்பந்தக்காரர் ஒருவர் வீட்டுக்குப் பழக்கூடையும் பட்டுப்புடவையும் அனுப்பியிருக்கிறார். நான் கேட்கவில்லை, சலுகை எதுவும் காட்டவுமில்லை. அன்பளிப்பை ஏற்பது சுன்னத்துதானே?” என்று கேட்டார்.

சுன்னத்துதான். ஆனால், அது அவருக்கு வந்ததா, அவர் வகிக்கும் பதவிக்கு வந்ததா?

பனூ ஸுலைம் கூட்டத்தாரிடம் ஸகாத் வசூலிக்க இப்னுல் லுத்பிய்யா என்பவரை நபி (ஸல்) அவர்கள் அனுப்பினார்கள். திரும்பி வந்தவர் ஒரு பகுதியை ஒப்படைத்துவிட்டு, மற்றது தமக்குக் கிடைத்த அன்பளிப்பு என்றார். அண்ணலார் மிம்பரில் ஏறி, இவர் தம் பெற்றோர் வீட்டில் அமர்ந்திருந்தால் இது தேடி வந்திருக்குமா என வினவினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இச்சம்பவம் பதிவாகியுள்ளது.

இந்த அளவுகோலை நம் மண்ணிலும் ஒரு தந்தை கையாண்டார். சுதந்திரத்திற்குப் பின் இராமேசுவரம் ஊராட்சித் தலைவராக ஜைனுலாப்தீன் அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அவர்கள் மாலைத் தொழுகைக்குச் சென்றிருந்தபோது ஒருவர் வேட்டி, அங்கவஸ்திரம், பழம், இனிப்பு அடங்கிய தட்டை வீட்டில் வைத்துச் சென்றார். அதை அனுமதித்த மகனைத் தந்தை அடித்துவிட்டு, பின்னர் தோளைத் தொட்டு, பதவிக்கு வரும் பொருள் ஹராம் என விளக்கினார்கள். அம்மகன்தான் 2002இல் நாட்டின் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம். 2006இல் உறவினர்கள் வந்து தங்கியபோது, அச்செலவுக்குரிய மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட ரூபாயைத் தம் சொந்தப் பணத்திலிருந்தே அவர் செலுத்தினார்.

1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. சட்டத்துக்குச் சாட்சி வேண்டும். யாரும் பார்க்காத இடத்தில் கையைத் தடுப்பது தக்வா ஒன்றே. அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறும், நீதியுடன் தீர்ப்பளிக்குமாறும் அந்நிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனம் ஒருசேரக் கட்டளையிடுகிறது.

அந்தச் சகோதரர் கூடையையும் புடவையையும் திருப்பி அனுப்பினார். பிள்ளைகள் அதற்குள் சாப்பிட்டிருந்த பழங்களுக்கு விலையும் சேர்த்துக் கொடுத்தார்.

இத்தகைய பொருள்கள் பெரும்பாலும் அதிகாரி இல்லாத நேரத்தில் வீடு தேடி வருகின்றன. கதவைத் திறப்போர் மனைவியும் மக்களுமே. எனவே, நல்லாட்சியின் முதல் பாடத்தை வீட்டு வாசலிலேயே கற்பிப்போமாக! நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களைப் பேணும் நற்பாக்கியத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.