வீட்டுவரி வழக்கும் வக்கீல் துணையும்

நகராட்சியிலிருந்து சொத்துவரி அறிவிப்பு வந்ததும் நம் அங்கத்தினர்களுள் சிலர், "சர்க்கார் கேட்டால் கொடுக்கத்தானே வேண்டும்" என்று சொல்லி, நெய்த கூலியிலிருந்து எடுத்துக் கட்டிவிடுகின்றனர். வேறு சிலர் கோபம் மேலிட்டு அன்றே வக்கீலைத் தேடிப் புறப்படுகின்றனர். முன்னவருக்கு ஆண்டுதோறும் நஷ்டம். பின்னவருக்கு ஒரே நாளில் நஷ்டம். வக்கீல் எப்போது வேண்டும், எப்போது வேண்டா, அமர்த்துவதாயின் எவ்வாறு அமர்த்துவது என்பவற்றை அங்கத்தினர் அறிந்திருத்தல் அவசியம் எனக் கருதி இதனை எழுதுகின்றோம்.

முதலில் அளவுநாடா

வரி என்பது வானத்திலிருந்து விழும் தொகையன்று. கட்டடத்தின் பரப்பு, அது நிற்கும் இடம், அதன் உபயோகம் ஆகிய மூன்றையும் கொண்டே அது கணக்கிடப்படுகிறது. இவற்றுள் ஒன்று பிழைபட்டாலும் தொகை பிழைபடும்.

2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நடந்த பொதுச் சீராய்வையே எடுத்துக்கொள்வோம். சென்னை மாநகரின் பழைய எல்லை நீங்கலாக, 600 சதுர அடி வரையுள்ள குடியிருப்புகளுக்கு 25 சதவீதமும், 601 முதல் 1200 வரை 50 சதவீதமும், 1201 முதல் 1800 வரை 75 சதவீதமும், அதற்கு மேல் 100 சதவீதமும் வரி உயர்த்தப்பட்டது. வணிகக் கட்டடங்களுக்கு உயர்வு 100 சதவீதம். 590 சதுர அடி வீட்டை 610 என்று எழுதிவிட்டால், இருபது அடிப் பிழைக்காக உயர்வு இருமடங்காகிவிடும். குழித்தறி போட்ட அதே வீட்டை வணிகக் கட்டடம் என்று குறித்துவிட்டாலோ, உயர்வு நான்கு மடங்கு!

இத்தகைய பிழைகளைக் காட்டுவதற்கு வக்கீல் வேண்டியதில்லை. அளவுநாடாவும், பழைய ரசீதுகளும், கட்டட வரைபடமும், பத்திர நகலும் போதும். அங்கத்தினர் தாமே எழுத்து மூலம் ஆட்சேபணை கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட ஒப்புகை வாங்க வேண்டும். வாய்ச்சொல்லாகச் சொல்லிவந்தது பின்னர் எங்கும் நிற்காது. அறிவிப்பில் கண்ட காலக்கெடு தவறினால் நியாயம் நம் பக்கம் இருந்தும் பயனில்லை. மறுக்கப்படாத தொகையை, "ஆட்சேபணைக்கு உட்பட்டுச் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கட்டிவருதல் நலம். வரிப்பாக்கியுடன் செல்பவரின் மேல்முறையீடு வாசற்படியிலேயே நின்றுவிடக்கூடும். நேரே உயர்நீதிமன்றம் செல்வாரையும், சட்டம் வகுத்த படிகளில் ஏறி வருமாறு நீதிமன்றம் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுகிறது.

வக்கீல் வேண்டும் இடம்

அளவில் பிழையில்லை, அளக்கும் முறையிலேயே பிழை என்னும்போதுதான் வக்கீல் வேண்டும். நெசவுத் தொழிலோடு தொடர்புடைய ஒரு வழக்கு இதனை நன்கு விளக்கும். ஆமதாபாத் மாநகராட்சி அங்கிருந்த துணியாலைகளை எல்லாம் தரைப்பரப்புக்கு இவ்வளவு என்று ஒரே விகிதத்தில் மதிப்பிட்டது. பொறிகளையும் மதிப்பீட்டில் சேர்க்க அதன் விதிகள் இடந்தந்தன. நியூ மாணிக் சௌக் நூற்பு நெசவு ஆலை தொடுத்த வழக்கில் 1967இல் உச்சநீதிமன்றம் இரண்டையும் தள்ளியது. வேற்றுமையுள்ள கட்டடங்களை ஒரே தட்டில் நிறுத்துவது அரசியலமைப்பின் 14ஆம் பிரிவுக்கு முரண் என்றது. நிலத்தின் மீதும் கட்டடத்தின் மீதும் வரி விதிக்கும் அதிகாரம் உள்ளே நிற்கும் பொறிகள்மேல் செல்லாது என்றும் கூறிற்று. தறி வேறு, தறி நிற்கும் கூரை வேறு.

எனினும் பழைய தீர்ப்பை ஒப்பித்தல் மட்டும் போதாது. குண்டூர் நகர வரி செலுத்துவோர் சங்க வழக்கில் 1970இல் உச்சநீதிமன்றம், வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படியான நியாய வாடகையை மிஞ்சி நகராட்சி மதிப்பிடலாகாது என்றது. தமிழ்நாட்டிலோ 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2019இல் நீங்கிவிட்டது. 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டமும் 2023இல் புதிய நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்திற்கு இடந்தந்தது. ஊராட்சி எல்லையிலுள்ள விவசாயியின் வீட்டுக்கு 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம். எந்தத் தீர்ப்பு இன்று செல்லும், எது செல்லாது என்று பிரித்துச் சொல்வதற்கே நாம் வக்கீலுக்குக் கட்டணம் தருகின்றோம்.

கணக்குப் பார்த்து அமர்த்துக

அரையாண்டுக்கு 300 ரூபாய் மிகை வரி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 600 ரூபாய். வக்கீல் கட்டணம் 10,000 ரூபாயாயின், வென்றாலும் அது திரும்பப் பதினாறு ஆண்டுகளுக்கு மேலாகும். அதே தெருவில் நாற்பது வீடுகளுக்கு அதே பிழை நேர்ந்திருப்பின் ஆண்டு நஷ்டம் 24,000 ரூபாய். நாற்பதின்மரும் கூடி ஒரே வக்கீலை அமர்த்தினால் ஒருவர் பங்கு 250 ரூபாய்தான். ஆனால் மனு மட்டும் அவரவர் பெயரில் தனித்தனியே செல்லவேண்டும். ஒருவர் வெற்றி மற்றவர் கணக்கைத் தானே திருத்திவிடாது.

கட்டணம் எவ்வளவு, எந்தப் படி வரைக்கும் என்பதை முன்னதாகவே எழுதி வாங்குக. "வென்றால் பாதி எனக்கு" என்னும் ஏற்பாட்டை இந்திய பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. வக்காலத்தைப் படித்த பின்னரே கையொப்பமிடுக. அசல் பத்திரம் கொடுத்தால் ரசீது பெறுக. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானமுடையோர் ஆகியோருக்கு 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி இலவச வக்கீல் உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம்.

சங்கக் கட்டடத்திற்கும் பண்டகசாலைக்கும் வழக்கு நடத்துவதாயின், நிர்வாகக் குழு கூடிக் காரணமும் செலவின் எல்லையும் குறித்துத் தீர்மானம் செய்த பின்னரே வக்கீலை அமர்த்துக. அங்கத்தினரின் சொந்த வீட்டு வழக்கிற்குச் சங்க நிதியைத் தொடலாகாது. அதற்குத் தனியே வசூலித்துத் தனிக் கணக்கு வைக்க வேண்டும்.

முறையான வரியை மறுக்குமாறு நாம் எவருக்கும் சொல்லவில்லை. தெருவிளக்கும் குடிநீரும் அதனால்தான் நடக்கின்றன. முறையற்ற வரியை வாய்மூடிக் கட்டுவதும் குடிமைப் பண்பன்று. அடுத்த மகாசபைக் கூட்டத்திற்கு அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் வரி அறிவிப்பைக் கையில் கொண்டு வருவார்களாக. பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தால், பிழை ஒரு வீட்டினதா தெருவினதா என்பது விளங்கிவிடும். வக்கீலிடம் செல்வதா வேண்டாமா என்பதை அதன்பின் தீர்மானிக்கலாம்.