ஐரோப்பிய விசாவும் நம்மவர் விண்ணப்பமும்

பெங்களூரில் ஈஜிபுராப் பகுதியில் வாழும் ஒரு முதிய தம்பதியர், ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகளின் பேறுகாலத்துக்கு உதவியாக இரண்டு மாதம் அங்கே தங்க விரும்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் ஜப்பானியப் பிரஜைகளாயிருந்தால் விமானச் சீட்டு வாங்கிப் புறப்பட்டுவிடலாம். இந்தியப் பிரஜைகளாகையால், விசா கேட்டுக் காத்திருக்க வேண்டும். மறுக்கப்பட்டால், குழந்தை பிறக்கும் வேளையில் தாய் அருகில் இருக்க இயலாது.

ஐரோப்பிய ஒன்றியம் உலக நாடுகளை இரு பட்டியல்களாகப் பிரித்துள்ளது. விசா பெற்றே வரவேண்டியோர் பட்டியலில் இந்தியாவும் இலங்கையும் அடங்கும். இலங்கைக் கடவுச்சீட்டு உடையோர்க்கு மற்றுமொரு கட்டு உண்டு. ஐரோப்பிய விமான நிலையத்தில் இறங்கி வேறு விமானம் ஏறுவதற்கும் அவர்கள் பொதுவாகத் தனி விசா பெறவேண்டும்; இவ்விதி பன்னிரண்டு நாட்டினருக்கு உரியது. இத்தகைய பட்டியல்கள் அரசியலைத் தழுவியே எழுகின்றன. 1983ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் ஈழத் தமிழர் அடைக்கலம் நாடி பிரிட்டனுக்குச் சென்றனர். 1985இல் அந்நாடு இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. காமன்வெல்த் நாடுகளுள் இதற்கு முதலில் ஆளானது இலங்கையே. மறு ஆண்டு இந்தியா, பாகிஸ்தான், வங்காள தேசம், கானா, நைஜீரியா ஆகிய நாடுகளுக்கும் அவ்விதி நீண்டது. தனி மனிதனின் ஒழுக்கத்தை நோக்காது அவன் பிறந்த நாட்டை நோக்கும் இம்முறை நியாயமானதென்று சொல்வதற்கில்லை. ஆயினும் விண்ணப்பிப்பவர் அதனை மாற்ற இயலாது. அவர் கையில் இருப்பது தம்முடைய காகிதங்கள் மட்டுமே.

அக்காகிதங்களைப் பார்க்கும் அதிகாரியின் உள்ளத்தில் மேலோங்கி நிற்கும் வினா ஒன்று: இவர் குறித்த நாளில் திரும்பி வருவாரா? நம்மவர் பலர் இதனை உணராது, பணம் இருப்பதைக் காட்டினாற் போதுமென்று எண்ணுகின்றனர். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் உறவினரிடம் கடன் வாங்கி வங்கியில் பெருந்தொகை போடுகின்றனர். மாதந்தோறும் ஓய்வூதியம் வந்து, செலவாகி, சிறிது மிஞ்சும் கணக்கு, திடீரென வீங்கிய கணக்கைவிட நம்பத்தக்கது. வீட்டு வரி ரசீது, இங்கேயுள்ள மற்றப் பிள்ளைகளைப் பற்றிய சான்று, ஓய்வூதியப் புத்தகம் முதலியன ஊரோடு உள்ள பிணைப்பைக் காட்டும். மகள் செலவை ஏற்பதாயின், தாம் வாழும் நகரத்து வெளிநாட்டவர் அலுவலகத்தில் முறைப்படி பொறுப்பு உறுதிப் பத்திரம் பெற்று அனுப்பலாம். சாதாரண அழைப்புக் கடிதத்துக்கு அவ்வளவு வலு இல்லை.

பெயர் விஷயத்தில் தமிழருக்கு ஒரு தனித் தொல்லை. தலைப்பெழுத்தோடு எழுதும் நம் வழக்கத்தை ஐரோப்பியப் படிவம் அறியாது. கடவுச்சீட்டில் தந்தை பெயர் விரிந்தும், வங்கிப் புத்தகத்தில் ஓரெழுத்தாகச் சுருங்கியும், மகளின் பிறப்புச் சான்றில் வேறு எழுத்துக் கூட்டலிலும் இருந்தால், மூவரும் ஒருவரே என்பதை அதிகாரி எங்ஙனம் அறிவார்? பயணத்தை எண்ணும்போதே இவற்றை ஒன்றுபடுத்தத் தொடங்கவேண்டும். கன்னடத்தில் உள்ள சான்றுகளுக்கு மொழிபெயர்ப்பும் இணைக்க வேண்டும்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்குமேல் தாமதிக்கலாகாது. கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. மறுக்கப்பட்டால் அது திரும்பாது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். விண்ணப்பத்தை வாங்கும் நிலையம் தபால் பெட்டியைப் போன்றதே. முடிவு செய்வது தூதரகம். ஆகவே, ‘உள்ளே ஆள் இருக்கிறது’ என்று பணம் கேட்கும் தரகரிடம் எதுவும் இல்லை. அவர் போலிச் சான்று சேர்த்துவிட்டால் தீங்கு பெரிது. போலி ஆவணமே மறுப்புக்குக் காரணமாகும். அம்மறுப்பு ஷெங்கன் நாடுகள் இருபத்தொன்பதும் காணும் பதிவேட்டில் ஏறும். பிரிட்டனில் வஞ்சகத்துக்குப் பத்தாண்டுத் தடையும் உண்டு.

மறுப்பு வந்தால் படிவத்தில் எந்தக் காரணம் குறிக்கப்பட்டுள்ளது என்று முதலில் பார்க்கவேண்டும். ஜெர்மன் தூதரகங்களிடம் மறுபரிசீலனை கோரும் வழக்கம் 2025 ஜூலை முதல் நிறுத்தப்பட்டது. பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தை நாடலாம். அன்றேல் அக்குறையைத் தீர்க்கும் சான்றோடு புதிதாக விண்ணப்பிக்கலாம். பேறுகாலம் நீதிமன்றத்துக்காகக் காத்திராதாகையால், பின்னதே பெரும்பாலோர்க்கு ஏற்றது.

இந்தியாவில் வாழும் இந்தியருக்கு 2024 ஏப்ரலில் ஒரு சலுகை பிறந்தது. மூன்றாண்டுக்குள் இரண்டு விசாக்களை முறையாகப் பயன்படுத்தியவர், இரண்டாண்டுக்குப் பன்முறை சென்றுவரும் விசா பெறலாம். அதன்பின் பொதுவாக ஐந்தாண்டு விசாவும் கிட்டும். பேரக் குழந்தையின் முதற் பிறந்தநாளுக்கு மீண்டும் செல்ல எண்ணும் தம்பதியர், முதற் பயணத்தில் குறித்த நாளுக்குள் திரும்பியதைக் காட்டும் கடவுச்சீட்டையும் பயணச் சீட்டுகளையும் பத்திரமாக வைத்திருக்கவேண்டும்.