மசியலுக்கு எந்த ஆப்பிள்? கேட்பவருக்குப் பதில் சொல்லத் தெரிய வேண்டும்

சத்தி ரோட்டில் சரவணம்பட்டியில் உள்ள ஒரு பழக்கடையில் அண்மையில் நாம் நின்றுகொண்டிருந்தபோது, வயதான அம்மையார் ஒருவர் வந்தார். "ஏனுங் தம்பி, பேரனுக்கு ஏழு மாசமாச்சு. வேக வெச்சு மசிச்சுக் குடுக்கோணும். எந்த ஆப்பிளு நல்லா இருக்குமுங்க?" என்று கேட்டார். கடைப் பையனோ, "எல்லாம் ஒண்ணுதானுங்கம்மா, பார்த்து எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டான். அம்மையார் கொஞ்ச நேரம் தயங்கி நின்றார். பிறகு இருப்பதிலேயே பளபளப்பாகவும் விலை அதிகமாகவும் இருந்த வெளிநாட்டு ஆப்பிளில் அரைக் கிலோ வாங்கிக்கொண்டு போனார்.

அவர் கேட்டதற்குச் சரியான பழம் அதே கடையில்தான் இருந்தது. கல்லாவுக்குக் கீழே, "மாவாயிடுச்சு" என்று ஒதுக்கி வைத்த சிம்லா ஆப்பிள் பெட்டியில் இருந்தது. அன்று மாலை அந்தப் பெட்டி மாட்டுக்குப் போயிருக்கும். வாடிக்கையாளருக்கு வீண் செலவு, வியாபாரிக்கு வீண் நட்டம். இரண்டுக்கும் காரணம் சரக்கைப் பற்றிய விவரம் தெரியாததுதான்.

கேட்கிறவர்கள் பெருகிவிட்டார்கள்

ஒரு தலைமுறைக்கு முன்பு கிராமமாக இருந்த சரவணம்பட்டி, 2011ல் கோவை மாநகராட்சியோடு இணைந்தது. இன்று கம்ப்யூட்டர் கம்பெனிகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நிறைந்த பகுதி. இளம் தம்பதிகள் அதிகம். பிள்ளை பெற்ற வீட்டில் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன் பிறகு இணை உணவு என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரையும் அதுவே. அப்படித் தொடங்கும்போது பல வீடுகளில் முதலில் கொடுக்கும் பழங்களில் வேகவைத்த ஆப்பிளும் ஒன்று. பல் போன பெரியவர்களுக்கும், காய்ச்சலில் இருந்து தேறுபவர்களுக்கும் இதே மசியல்தான். மேல்நாட்டில் இதை ஆப்பிள் சாஸ் என்று புட்டியில் அடைத்து விற்கிறார்கள். நம் வீடுகளில் இட்லிக் குண்டாவும் பருப்பு மத்தும் இருந்தால் போதும்.

ஆகவே, "எது மசியும்?" என்ற கேள்விக்கு நம் கடைகளில் பதில் இருக்க வேண்டும்.

ரகத்தின் குணம்

நாம் சிம்லா ஆப்பிள் என்று விற்பதில் பெரும்பகுதி டெலிசியஸ் வகையைச் சேர்ந்தது. அமெரிக்காவில் இருந்து வந்து சிம்லா மலையில் குடியேறிய சாமுவேல் ஸ்டோக்ஸ், 1916ல் அங்குள்ள தானேதார் கிராமத்தில் ரெட் டெலிசியஸ் கன்றுகளைக் கொண்டுவந்து நட்டார். பின்னாளில் சத்தியானந்த ஸ்டோக்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டவர் அவரே. அந்த நடவில் இருந்து பரவியதுதான் இமாசலத்தின் இன்றைய ஆப்பிள் வியாபாரம். நம் மண்டிகளுக்கு ஜூலையில் இமாசலச் சரக்கு வரத் தொடங்குகிறது. அதை அடுத்துக் காஷ்மீர்ச் சரக்கு வருகிறது. சீசன் முடிந்த பிறகு குளிர்பதனக் கிடங்கில் வைத்த சரக்கு வருகிறது.

இந்த டெலிசியஸ் பழத்துக்கு இனிப்பு உண்டு, புளிப்பு குறைவு, தோல் தடிப்பு. சீக்கிரம் மாவாகும். கடித்துத் தின்ன இது குறை. ஆனால் மசியலுக்குப் புளிப்பில்லாத, இளகிய பழம் குழந்தைக்கு ஏற்றது. தோலை மட்டும் சீவிவிட வேண்டும்.

கோல்டன் டெலிசியஸ் என்ற மஞ்சள் ஆப்பிள் மசியலுக்கு இன்னும் நல்லது. சதை நன்றாகக் குழையும், மணமும் இருக்கும். நிறம் சிவப்பாக இல்லை என்று நம்மவர்கள் ஒதுக்குவதால் கடைகளில் அதிகம் தங்குவதில்லை. கிடைக்கும்போது ஒரு பெட்டி எடுத்து, "வேகவைக்க ஏற்றது" என்று சொல்லி விற்கலாம்.

1990களின் கடைசியில் ஆப்பிள் இறக்குமதிக்கு வழி திறந்த பிறகு வந்த ரகங்களில் காலா மிதமான இனிப்புள்ளது, ஓரளவு குழையும். ஃபூஜி நல்ல இனிப்பு. ஆனால் சதை இறுக்கமானது, வேக நேரம் பிடிக்கும், திப்பி திப்பியாக நிற்கும். கடித்துத் தின்பதற்கே அது உரியது. அந்த அம்மையார் வாங்கிப் போனது இந்த ரகம்தான். கிரானி ஸ்மித் என்ற பச்சை ஆப்பிள் புளிப்பு. தனியாகக் கைக்குழந்தைக்கு ஒத்துவராது. பெரியவர்களுக்கான மசியலில் மூன்று சிவப்பு ஆப்பிளுக்கு ஒரு பச்சை ஆப்பிள் சேர்த்தால் சர்க்கரையும் எலுமிச்சையும் தேவைப்படாமல் சுவை நிற்கும்.

நம் மலைப் பழத்தையும் மறந்துவிடக் கூடாது. ஆப்பிள் மரத்துக்கு நல்ல குளிர் வேண்டும். குறைந்த குளிரிலும் காய்க்கக்கூடிய பார்லின்ஸ் பியூட்டி ரகத்தில் இருந்து தேர்ந்தெடுத்த கே.கே.எல். 1 என்ற ரகத்தைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கொடைக்கானல் ஆராய்ச்சி நிலையம் தந்திருக்கிறது. மலை ஆப்பிள் பார்வைக்கு எடுப்பாக இராது. ஆனால் வேகவைக்கும் பழத்துக்கு அழகு எதற்கு? வரும்போது அதையும் இந்தக் கணக்கில் சேர்த்து விற்கலாம்.

மாவு வேறு, அழுகல் வேறு

இதுதான் நம் வியாபாரிகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய இடம்.

பழத்தின் நுண்ணறைகளை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்ற பசை. பழம் முதிர முதிர அந்தப் பசை இளகுகிறது. அப்போது கடித்தால் அறைகள் உடைந்து சாறு வருவதற்குப் பதிலாகத் தனித்தனியே பிரிந்து விடுகின்றன. சாறு உள்ளேயே தங்குவதால் வாயில் மாவு போல் இருக்கிறது. பழம் கெட்டுவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. வேகவைத்தால் சீக்கிரம் குழையும், அவ்வளவுதான்.

அழுகல் அப்படி அல்ல. ஆப்பிளில் நீலப் பூஞ்சணம் பிடித்து அழுகும்போது பட்டுலின் என்ற நஞ்சு உண்டாகக்கூடும். வேகவைத்தாலும் அது முழுதாக அழிவதில்லை. ஆப்பிள் சாற்றில் கிலோவுக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்று நம் நாட்டு உணவுப் பாதுகாப்புச் சட்ட விதிகள் வரம்பு வைத்துள்ளன. கெட்ட இடத்தை வெட்டி எறிந்துவிட்டு மீதியை "சமைக்கத்தானே" என்று தள்ளிவிடும் வழக்கம் சில கடைகளில் உண்டு. குழந்தை வாயில் போகும் பொருளுக்கு இது அடாத செயல். அழுகிய பழம் குப்பைக்குத்தான் போக வேண்டும்.

பிரித்தறிவது கடினம் அல்ல. மாவுப் பழத்தை அழுத்தினால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மெதுவாக அமுங்கும். தோல் முழுதாக இருக்கும், வாசனை இனிப்பாக இருக்கும். அழுகல் என்றால் ஓரிடம் மட்டும் பழுப்பு நிறமாகிப் பள்ளம் விழும், ஈரம் கசியும், புளித்த வாடை வரும். இன்னொன்று, டெலிசியஸ் ரகத்தில் வெளியே ஒரு குறையும் தெரியாமல் உள்ளே விதைக்கூட்டில் கருப்பாகப் பூஞ்சணம் பிடித்திருப்பதும் உண்டு. ஆகவே, "அரிந்து பாருங்க, நடுவில் கருப்பு இருந்தால் அந்தப் பழத்தை முழுசா போட்டுவிடுங்க, நாங்க மாற்றித் தர்றோம்" என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். மாற்றித் தரும் ஒரு பழத்தின் விலை பெரிதல்ல. அந்த வீட்டார் பிறகு வேறு கடைக்குப் போக மாட்டார்கள்.

செய்முறை சொல்லித் தரலாம்

வாங்குபவர் கேட்டால் சொல்ல இவ்வளவு தெரிந்தால் போதும். பழத்தை ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை எடுத்து, தோல் சீவி, விதைக்கூட்டை முழுதாக நீக்கி, நான்காகவோ எட்டாகவோ நறுக்க வேண்டும். இட்லிக் குண்டாவில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆவியில் வேகவைக்க வேண்டும். மாவுப் பழம் என்றால் அதற்கு முன்பே வெந்துவிடும். கரண்டியால் தொட்டால் உடையும் பதத்தில் இறக்கி, மத்தால் கடைந்தால் மசியல் தயார். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குச் சர்க்கரையும் வேண்டாம், தேன் கூடவே கூடாது. பெரியவர்களுக்கு என்றால் ஒரு துண்டு பட்டை, கொஞ்சம் நாட்டுச் சர்க்கரை சேர்த்துச் சப்பாத்திக்கும் தோசைக்கும் தொட்டுக்கொள்ளலாம். குழந்தைக்குக் கொடுப்பதை அவ்வப்போது செய்துகொள்வது நல்லது. பச்சை ஆப்பிள் துண்டைக் கைக்குழந்தை கையில் கொடுக்கக் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

கடையில் செய்ய வேண்டியவை

1. பெட்டி பிரித்ததும் பழத்தை மூன்றாகப் பிரியுங்கள். கடித்துத் தின்பதற்கு உறுதியானது, வேகவைக்க இளகியது, கழிக்க வேண்டியது.

2. இளகிய பழத்துக்குத் தனித் தட்டு வைத்து, "வேகவைக்க ஏற்றது" என்று எழுதி, குறைந்த விலை போடுங்கள். நல்ல பழத்தோடு கலந்து எடை போட வேண்டாம். இன்று கலந்து விற்றவர் நாளை திட்டு வாங்குவார்.

3. ஆப்பிளில் இருந்து வெளிவரும் எத்திலீன் வாயு பக்கத்தில் உள்ள கீரையையும் வாழைப்பழத்தையும் சீக்கிரம் பழுக்கவோ மஞ்சளாகவோ செய்யும். தனியே வையுங்கள். வெயில் படும் இடத்தில் அடுக்கினால் இரண்டு நாளில் மொத்தமும் மாவாகிவிடும்.

4. கடைப் பையன்களுக்கு ரகத்தின் பெயரையும் குணத்தையும் சொல்லிக் கொடுங்கள். மண்டியில் சரக்கு எடுக்கும்போது, வந்த ஊரையும் கிடங்குச் சரக்கா புதுச் சரக்கா என்பதையும் கேட்டு வாங்குங்கள். மொத்த வியாபாரிகளும் கேட்காமலேயே அதைச் சொல்ல வேண்டும்.

பெரிய அங்காடிகளில் ஆப்பிள் குளிர்ப்பெட்டியில் அழகாக அடுக்கியிருக்கும். ஆனால் எந்தப் பழம் பேரனுக்கு மசியும் என்று அங்கே கேட்க ஆள் இருப்பதில்லை. நம் சின்னக் கடைகளுக்கு இருக்கும் பலமே அந்தக் கேள்வியும் பதிலும்தான். அடுத்த முறை அந்த அம்மையார் வரும்போது, "இதை எடுத்துக்குங்கம்மா, விலையும் குறைவு, நல்லா மசியும்" என்று ஒரு வார்த்தை சொன்னால், அவருக்குப் பணம் மிச்சமாகும், நமக்குப் பெட்டி வீணாகாது, பேரனுக்கும் நல்ல உணவு கிடைக்கும்.