பிளவக்கல் தண்ணீரும் கமலை மாடும்

2025 ஜூனில் ஓர் இன்ஸ்டாகிராம் காணொளி கூமாப்பட்டியை ஊரறிய வைத்தது. அதைப் பார்த்துவிட்டு வண்டியெடுத்துக் கிளம்பியவர்கள் தேடிவந்த இடம் பிளவக்கல். வத்திராயிருப்பை அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையடியில் பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள். குளிக்க அனுமதியில்லை என்று தெரிந்து பலர் முகம் வாடித் திரும்பினார்கள். அவர்கள் பார்த்த தண்ணீரில் பதினோராம் வகுப்பு இயற்பியலின் பாதி அடங்கியிருக்கிறது.

பெரியாறு அணையின் முழுக்கொள்ளளவு மட்டம் சுமார் 47 அடி, அதாவது 14.3 மீட்டர். அணை நிறைந்திருக்கும்போது அடிமட்டத்தில் மதகைத் திறந்தால் தண்ணீர் எவ்வளவு வேகத்தில் பாயும்? இத்தாலியரான டாரிசெல்லி 1644-இல் வெளியிட்ட விதி இதைச் சொல்லிவிடுகிறது: 2, புவியீர்ப்பு முடுக்கம் 9.8, உயரம் மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். விடை நொடிக்கு 16.7 மீட்டர். உராய்வை விட்டுவிட்டால் மணிக்கு 60 கிலோமீட்டர்! நீர்த்தேக்கம் எவ்வளவு பரந்தது என்பது கணக்கில் வரவே இல்லை, ஆழம் மட்டும்தான். மட்டம் கால்வாசியாக, சுமார் 12 அடியாக, இறங்கினாலும் வேகம் பாதிதான் குறையும்.

இதே உயரக் கணக்கை இந்தக் கரிசல் சீமைக்காரர்கள் மோட்டார் வருமுன்பே, மாடு பூட்டிக் கிணற்றுநீர் இறைக்கும் கமலையில் போட்டிருக்கிறார்கள். மாடுகள் வடத்தை இழுப்பது மேட்டிலிருந்து பள்ளத்துக்கு. ஒவ்வொன்றும் 300 கிலோ எடையுள்ள இரண்டு மாடுகள், ஐந்தடிக்கு ஓரடி இறங்கும் சரிவு என்று வைத்துக்கொள்வோம். 600 கிலோவில் ஐந்தில் ஒரு பங்கு, 120 கிலோ எடை, முன்னால் சாய்ந்து நின்றாலே வடத்தில் விழும். வடத்தின் மறுமுனையில் நீர் மொள்ளும் கூனையில் 120 லிட்டர் தண்ணீர் இருந்தால் எடைக்கு எடை சரி. உராய்வை வெல்ல மட்டுமே கூடுதலாக இழுக்க வேண்டும். ஓட்டுபவர் வடத்தின் மேலேறி உட்கார்ந்தால் அவர் எடையும் சேர்ந்துகொள்ளும். பாடப்புத்தகக்காரர்கள் ஏன் கமலையை விட்டுவிட்டு வழுக்கும் மரக்கட்டையையே படம் போடுகிறார்களோ!

இது இனாமாகக் கிடைத்த ஆற்றல் இல்லை. கிணற்றின் ஆழம் 10 மீட்டர் என்றால் மாடுகள் சரிவில் 10 மீட்டர் நடந்து, 2 மீட்டர் கீழிறங்கியிருக்கும். 120-ஐ 10-ஆல் பெருக்கினாலும், 600-ஐ 2-ஆல் பெருக்கினாலும் 1,200. அந்தக் கடனை, பின்னோக்கி மேடேறும்போது மாடுகள் தம் உடம்பைத் தூக்கி அடைக்கின்றன.

கமலைக்குப் பின் வந்த மோட்டாரைப் பாருங்கள்: 5 குதிரைத்திறன் மோட்டார் என்பது 3,730 வாட். பாதி வீணானாலும் அந்த 120 லிட்டரை ஆறேழு நொடியில் மேலே ஏற்றிவிடும்.

உயரம் திருப்பி அடிக்கும் இடமும் உண்டு. 6 மீட்டர் மேலிருந்து கிணற்றில் குதிப்பவர் மணிக்கு 39 கிலோமீட்டர் வேகத்தில் நீரைத் தொடுவார். செங்குத்தாக இறங்கி 2 மீட்டர் ஆழத்தில் நின்றால், அவரைத் தடுக்கும் சராசரி விசை அவர் எடையைப் போல 4 மடங்கு. வயிறடிக்க விழுந்து 30 சென்டிமீட்டரிலேயே நின்றால் 21 மடங்கு. தண்ணீர் வற்றிய கிணற்றில், பாறை தட்டி 6 சென்டிமீட்டரில் நின்றால் 101 மடங்கு.