பெண்ணையாறு சேரும் கடல்

நந்தி மலையில் உற்பத்தியாகி, பெங்களூரின் கிழக்குப் புறத்தைத் தழுவி இறங்கி, ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் தமிழ் மண்ணில் முதன்முதலாகத் தேங்கி நிற்கும் தென்பெண்ணை, கிருஷ்ணகிரி அணையையும் சாத்தனூர் அணையையும் கடந்து, மொத்தம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் சஞ்சரித்துக் கடலூரை ஒட்டி வங்கக் கடலில் சங்கமமாகிறது. அந்தச் சங்கமத்துக்குச் சற்று வடக்கே உள்ள புதுச்சேரிக் கடலில்தான், ஓசூர்த் தொழிற்பேட்டைகளிலும் எல்லைக்கு அப்பால் பெங்களூரிலும் பணிபுரியும் இளைஞர்கள், முதுகில் காற்றுக் குடுவையைச் சுமந்துகொண்டு கடலடியைக் கண்டு வருகிறார்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் வாழும் ஓசூர்வாசிக்கு அந்தக் கடல் அந்நியமானதன்று. அதன் தெளிவிலும் கலக்கத்திலும் அவருடைய ஆற்றுக்குப் பங்கு உண்டு. அதில் மூழ்கி எழுந்தவருக்கு நேரக்கூடிய அபாயமோ அவர் ஊருக்கு ஏறும் சாலையிலேயே இருக்கிறது.

ஸ்கூபா எனப்படும் இந்தச் சாதனத்தை 1943-ல் பிரான்ஸ் தேசத்தில் ழாக் கூஸ்தோவும் எமில் காஞானும் உருவாக்கினார்கள். குடுவையில் பிராணவாயு இருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். சாதாரணமாக அதில் இருப்பது நாம் சுவாசிக்கும் காற்றேதான், வடிகட்டி அழுத்தி அடைக்கப்பட்டது. தூத்துக்குடியில் 1961 வரை நடந்த முத்துக்குளிப்பில், கல்லைக் கட்டிக்கொண்டு ஒரே மூச்சில் முத்துச்சிப்பிப் பாருக்கு இறங்கிய நம் குளியாளிகள் இதில் எதையும் அறியாமலே கடலடியை அறிந்தவர்கள் என்பதை நினைக்கையில், அவர்கள்பால் மரியாதை பெருகுகிறது.

புதுச்சேரிக் கடல் எக்காலத்திலும் ஒரே தன்மையாக இருப்பதில்லை. மாசி முதல் சித்திரை வரை கரையோர நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே செல்லும். அலை தணிந்து நீரும் தெளிந்திருக்கும் அம்மாதங்களே முக்குளிப்புக்கு உகந்தவை. ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் நீரோட்டம் திசை மாறித் தெற்கு நோக்கிப் பாய, ஆறுகள் கொண்டுவரும் வண்டலால் கடல் பழுப்பேறி, அருகில் வரும் துணைவரின் உருவமே புலப்படாமற் போகும் நாட்களும் உண்டு. ஆகவே, நாள் குறிக்குமுன் பயிற்றுநரிடம் முதலில் விசாரிக்க வேண்டியது, நீருக்கடியில் எத்தனை மீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்பதே.

தெளிந்த நாளில் காணக்கிடைக்கும் காட்சி விசேஷமானது. இங்கே கடலடி பெரும்பாலும் மணற்பரப்பு. இடையிடையே இயற்கைப் பாறைத் திட்டுகளும், மீன்கள் தங்குவதற்கென்று மனிதர் இறக்கிவைத்த செயற்கைப் பார்களும் உள்ளன. வெறும் மணலில் ஒன்றுமே இல்லாதிருக்க, 18 மீட்டர் ஆழத்தில் ஒரு பாரை அணுகியதும் பொந்துக்குள்ளிருந்து அஞ்சாலை தலைநீட்டுவதும், கனத்த உடலுடன் கலவா அசையாது நின்று நோக்குவதும், மேலே சீலாக்கள் கூட்டமாக வட்டமிடுவதும், நஞ்சுள்ள துடுப்பு முட்களை விரித்துச் சிங்கமீன் மெல்ல நகர்வதும் கண்ணுக்குப் படும். மணலோடு மணலாகப் புதைந்து கிடக்கும் திருக்கையைக் காணப் பழகிய கண் வேண்டும். தை முதல் பங்குனி வரை முட்டையிடக் கரை நாடும் பங்குனி ஆமைகள் எதிர்ப்படலாம். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் இவை நூற்றுக்கணக்கில் இறந்து ஒதுங்கிய செய்தியைப் படித்தவர்களுக்கு, உயிருடன் நீந்தும் ஓர் ஆமையின் தரிசனம் எத்தகைய ஆறுதல் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மிக அரிதாக, அம்மணி உழுவை என்று மீனவர் வழங்கும் திமிங்கலச் சுறாவும் வருவதுண்டு. 2001 முதல் சட்டப் பாதுகாப்புப் பெற்ற அந்தச் சாதுவான பிராணியைத் தொடாமல் விலகி நிற்பதே முறை.

இனி ஆற்றின் சங்கதி. கெலவரப்பள்ளி அணையின் மதகுகளிலிருந்து வெண்ணுரை மலைபோல் பொங்குவதை ஓசூர் மக்கள் பலமுறை கண்டிருக்கிறார்கள். பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளிலிருந்து வழிந்து வரும் கழிவுநீரும் சலவைப்பொருளின் எச்சமும் கலந்த நுரை அது. சாதாரண நாட்களில் அணைகள் அந்த நீரைத் தடுத்துவிடுகின்றன. பெருவெள்ளத்திலோ தடை என்பதே இல்லை. 2024 நவம்பர் 30-ஆம் தேதி புதுச்சேரிக்கு அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல், கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் சுமார் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியபோது, சாத்தனூரிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டு, கடலூர் வரை கரையோரக் கிராமங்கள் மூழ்கின. அந்த வெள்ளம் சுமந்த மண்ணும் குப்பையும் போய்ச் சேர வேண்டிய இடம் கடல் ஒன்றுதான். மீனைக் காணக் கடலுக்குப் போகிறவர் ஆற்றின் நுரையைப் பற்றியும் கேள்வி கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கடைசியாக, ஓசூர்வாசிகள் மற்றவர்களைக் காட்டிலும் அதிகமாக அறிந்திருக்க வேண்டிய ஒன்று. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வாயுமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. அதன் காரணமாகச் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. நிதானமாக மேலெழுந்து, 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிஷம் தாமதித்தால், அதன் ஒரு பகுதி மூச்சு வழியே வெளியேறும். மிஞ்சியது வெளியேறப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் வெளியழுத்தம் குறைந்தால், மூடி திறந்த சோடாப் புட்டியில் போலவே உடலுக்குள் குமிழிகள் தோன்றி மூட்டு வலி, மரமரப்பு, தீவிரமான நிலையில் பக்கவாதம்கூட நேரலாம். விமானப் பயணத்துக்கு முன் காத்திருக்கச் சொல்வது இதனால்தான். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்னும் சர்வதேச ஸ்தாபனம், ஒரு முறை மட்டும் மூழ்கியவர் 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர் 18 மணி நேரமும் பொறுத்திருக்கவேண்டும் என்கிறது. இந்த எச்சரிக்கை ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்துக்குச் சமமான அழுத்தத்திலேயே தொடங்கிவிடுகிறது. புதுச்சேரியிலிருந்து திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை வழியாகக் கிருஷ்ணகிரி வரை அந்த வரம்புக்குள் வரும் சாலை, சூளகிரிப் பக்கம் ஏறும்போது அதைத் தாண்டிவிடுகிறது. ஓசூரின் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் பத்தில் ஒன்பது பங்கே.

ஞாயிறு மதியம் கடலிலிருந்து எழுந்து, திங்கட்கிழமை காலை ஷிப்டுக்காக அன்றிரவே காரில் ஏறிவிடும் வழக்கத்தை விட்டொழியுங்கள். சனிக்கிழமையே மூழ்கிவிட்டு, ஞாயிறு பகலைக் கரையில் கழித்து, மாலையில் புறப்படுங்கள். ஊர் திரும்பிய பின் மூட்டிலோ தோளிலோ புதிதாக வலி கண்டால், கடலில் மூழ்கிய விவரத்தை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள்.