இரத்தம் சிந்தாத யுத்தம்

விருதுநகரிலிருந்து திருத்தங்கல் வழியாகச் சிவகாசிக்குப் போகும் மார்க்கத்தில், ஒரு கிராமத்துச் சாவடியில், சென்ற கோடையில் ஒரு மகா யுத்தத்தைக் கண்ணாரக் கண்டேன். நேயர்கள் கலவரப்பட வேண்டாம். கல் தரையில் யாரோ எக்காலத்திலோ உளியால் கீறி வைத்த சில கோடுகள். ஒரு பக்கத்தில் 3 கருங்கல் சில்லுகள். மறு பக்கத்தில் 15 புளியங்கொட்டைகள். இவ்வளவுதான் ரணகளம், இவ்வளவுதான் சைன்யம். சேனாபதிகள் இருவருக்கும் அறுபது வயதுக்குக் குறைவிராது.

ஆடு புலி ஆட்டத்தை அறியாத தமிழர் இல்லை. கோடுகள் சந்திக்கும் இடங்கள் 23. புலிக்காரர் தாவித் தாவி ஆடுகளை வெட்டுவார். ஆட்டுக்காரர் ஒவ்வொன்றாக ஆட்டை இறக்கி, புலிகள் அசையக்கூட இடமில்லாமல் வளைத்துக் கட்டுவார். பலம் ஒரு பக்கம், தொகை மறு பக்கம். முக்கால் மணி நேரம் இருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஆட்டுக்காரர் ஒரு புளியங்கொட்டையை நகர்த்தி வைத்துவிட்டு, "புலியைக் கட்டியாச்சு, மச்சான்!" என்றார்.

தோற்றவர் தரையைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "சரி மாப்பிள்ளே, இப்ப நீங்க புலியை எடுங்க, நான் ஆடு" என்று காய்களை மாற்றி வைத்தார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது. ஏனெனில், கடல் கடந்த நாடுகளில் பல்லாயிரம் பேர் பெரும் செலவும் சிரத்தையும் எடுத்துக்கொண்டு ஆடிவரும் ஒரு விளையாட்டின் சாரம் முழுவதும் அந்த ஒரு வார்த்தையில் அடங்கியிருக்கிறது.

பொம்மைச் சேனாபதிகள்

அந்த விளையாட்டைச் சிற்றுருவப் போர் விளையாட்டு என்று சொல்லலாம். ஈயக் கலவையில் வார்த்த சிறு போர்வீரர்கள். கட்டைவிரலின் மேற்கணு அளவுகூட இல்லாத உருவங்கள். ஆட்டக்காரர் ஒவ்வொன்றுக்கும் தம் கையாலேயே வர்ணம் தீட்டுவார். கேடயத்தில் என்ன சின்னம், தலைப்பாகை என்ன நிறம், குதிரைக்குச் சேணம் உண்டா இல்லையா என்று பழைய நூல்களையும் சிற்பங்களையும் புரட்டிப் பார்த்துத்தான் தூரிகையைத் தொடுவார். பிறகு மேஜைமேல் குன்று, காடு, ஆறு எல்லாம் அமைத்து, அளவுகோலும் பகடையும் கொண்டு, பழைய சண்டைகளை மீண்டும் நடத்துவார்கள்.

இதன் பூர்வோத்தரம் நமக்குப் பெருமை தருவது. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைச் சேனையைப் பலகைமேல் இறக்கியது பாரத தேசம். சதுரங்கம் பாரசீகத்துக்குச் சென்று 'சத்ரங்' ஆயிற்று. அரபு நாட்டில் 'ஷத்ரஞ்ச்' ஆயிற்று. அங்கிருந்து ஐரோப்பாவை அடைந்தது. 1812-இல் ரைஸ்விட்ஸ் என்னும் பிரஷ்யர் ஒருவர், சதுரங்கக் கட்டங்களை விட்டுவிட்டு, நிஜமான நிலத்தைப் போன்ற மேடும் பள்ளமும் கொண்ட மேஜையில் போர் விளையாட்டை அமைத்துத் தம் அரசருக்குக் காட்டினார். 1824-இல் அவருடைய குமாரர் அதைத் திருத்தி அமைத்தார். பிரஷ்ய சைன்யம் அதைத் தன் அதிகாரிகளுக்குப் பாடமாகவே வைத்துவிட்டது. விளையாட்டாகப் பிறந்த சதுரங்கம், இவ்விதம் சுற்றி வளைத்து, மீண்டும் யுத்தத்துக்கே ஊழியம் செய்யப் போயிற்று!

அதை மறுபடியும் விளையாட்டு அறைக்கு மீட்டு வந்தவர் ஹெச். ஜி. வெல்ஸ். விஞ்ஞானக் கதைகளால் உலகப் பிரசித்தி பெற்ற அதே வெல்ஸ்தான். 1913-இல் அவர் 'சிறு யுத்தங்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகம் வெளியிட்டார். தரையெல்லாம் ஈயச் சிப்பாய்கள். மரத்துண்டைச் சுடும் வில்சுருள் பீரங்கி. இரண்டு பெரிய மனிதர்கள் முழந்தாளிட்டுத் தவழ்ந்துகொண்டு குறி பார்க்கிறார்கள். ஆனால் புத்தகத்தின் முடிவில் வெல்ஸ் விளையாட்டை நிறுத்திவிட்டுப் பேசுகிறார். பொம்மை யுத்தத்திலேயே எத்தனை குளறுபடி, எத்தனை எதிர்பாராத நாசம் என்று கண்டவனுக்கு, நிஜ யுத்தம் எத்தனை பெரிய மூடத்தனம் என்பது விளங்கிவிடும் என்பது அவர் கட்சி. மறு வருஷமே, 1914-இல், முதல் உலக மகாயுத்தம் மூண்டது. ராஜதந்திரிகள் அவருடைய புத்தகத்தைப் படிக்கவில்லை போலும்!

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு இவ்விளையாட்டுக்குப் புத்துயிர் ஊட்டியவர்களுள் ஒருவர் டொனால்டு ஃபெதர்ஸ்டோன். அவர் டாங்கிப் படையில் சேவை செய்து நிஜப் போரைக் கண்டவர். ஜீவனத்துக்கோ பிஸியோதெரபி வைத்தியம். பகலெல்லாம் அடிபட்ட உடல்களைப் பிடித்துச் சரிசெய்த அந்த மனிதர், 1962-இல் போர் விளையாட்டைப் பற்றி எழுதிய நூல் பலருக்கு ஆதிபாடமாயிற்று. யுத்தத்தை நேரில் கண்டவர்களே பொம்மை யுத்தத்தில் ஆர்வம் கொண்டது யோசிக்கத் தக்கது.

ஒரு பந்தயத்தின் வரலாறு

இப்போது பந்தயங்களில் வழங்கும் விதிமுறைகளுள் பிரபலமான ஒன்று, 1990-இல் இங்கிலாந்தில் வெளிவந்த 'டி பெல்லிஸ் ஆன்டிக்விட்டாட்டிஸ்'. 'பழங்காலப் போர்களைப் பற்றி' என்பது அந்த லத்தீன் பெயரின் பொருள். பில் பார்க்கர் முதலியோர் இயற்றியது. இதில் ஒவ்வொரு கட்சிக்கும் 12 படைப்பிரிவுகளே. இரண்டடிச் சதுரமான பலகை போதும். ஓர் ஆட்டம் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆகவே ஒரே நாளில் பல ஆட்டங்கள் ஆடிப் பந்தயத்தை நடத்தி முடிக்கலாம்.

விதிகளுள் ஸ்வாரஸ்யமானது ஒன்று. தம் முறை வந்ததும் சேனாபதி பகடையை உருட்ட வேண்டும். ஆறு விழுந்தால் ஆறு கட்டளைகள். ஒன்று விழுந்தால் ஒரே கட்டளை! பன்னிரண்டு பிரிவுகளும் அவசரமாக நகர வேண்டிய தருணத்தில் ஒன்று விழுந்தால் சேனாபதியின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் போர்க்களத்தில் கட்டளை போய்ச் சேராமல் கெட்ட சண்டைகள் சரித்திரத்தில் எத்தனையோ! அந்தச் சங்கடத்தை ஒரு பகடை உணர்த்திவிடுகிறது. எதிரியைவிட அதிகமாக இழந்து, நான்கு பிரிவுகளையும் பறிகொடுத்தவர் தோற்றவர். கடைசி வீரன் வரையில் வெட்டிச் சாய்க்க வேண்டும் என்ற நியதி இல்லை. மூன்றில் ஒரு பங்கு போனால் சேனையின் மனம் முறிந்துவிடும் என்பது கணக்கு.

சில பந்தயங்களில் மற்றோர் அழகான சம்பிரதாயம் உண்டு. ஒருவரே, சரித்திரத்தில் எதிரெதிராக நின்ற இரண்டு சேனைகளையும் தயார்செய்து கொண்டுவருவார்; எதிராளி வந்து, தமக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்வார். மிஞ்சியது கொண்டுவந்தவருக்கு. ஆகவே இரண்டு சேனைகளையும் சமமான அன்போடு வர்ணம் தீட்ட வேண்டும். இரண்டின் பலவீனங்களையும் அறிந்திருக்க வேண்டும். வெற்றிக்குப் பரிசு உண்டு. பல இடங்களில் நன்றாகத் தீட்டிய சேனைக்கும், பெருந்தன்மையாக ஆடியவருக்கும்கூடப் பரிசு உண்டு. தோற்றவர் எழுந்து கை குலுக்குவார். எந்த இடத்தில் தவறு நேர்ந்தது என்று ஜயித்தவரே அவருக்குச் சொல்லித் தருவார்.

இந்த விதிநூலின் சேனைப் பட்டியல்களில் தமிழருக்கும் இடம் உண்டு. தமிழர், சிங்களர் சேனைகளுக்கென்று ஒரு பட்டியல். அதில் யானைகளும் உண்டு. நம்மைக் கண்டிராத எவரோ, குளிர்ந்த தேசத்தில், தம் மேஜை விளக்கின் அடியில் அமர்ந்து, நம் மூதாதையரின் யானைக்கு முகபடாம் தீட்டிக்கொண்டிருக்கலாம். அதை எண்ணும்போது ஒரு பக்கம் பெருமை; மறு பக்கம் சிறிது வெட்கம். நம் வீட்டுப் பிள்ளைகளுள் எத்தனை பேர் நம் சேனைகளை அப்படி அறிவார்கள்?

நம் மண்ணின் ரணகளம்

தூர தேசத்தை விட்டு மீண்டும் நம் சாவடிக்கு வருவோம். சிவகாசிச் சீமையில், இன்று தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பெயர்போன ஊர்களுள் ஒன்று ஏழாயிரம்பண்ணை. அது ஒரு காலத்தில் ஒரு பாளையம். 1799-இல் வீரபாண்டிய கட்டபொம்மனுடன் சேர்ந்து நின்ற பாளையங்களுள் அதுவும் ஒன்று. அவ்வாண்டு செப்டம்பரில் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கினான். முதல் தாக்குதல் பலிக்கவில்லை. பின்பு கோட்டை கம்பெனியார் வசமாயிற்று. அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான். அவனோடு நின்ற பாளையங்கள் பறிமுதல் ஆயின, ஏழாயிரம்பண்ணையும் போயிற்று.

கதை அத்துடன் முடியவில்லை. 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினான். இடிக்கப்பட்ட மண்கோட்டை சில நாட்களிலேயே மறுபடியும் எழுந்தது. மார்ச் 31-ஆம் தேதி மெக்காலே என்னும் தளபதியின் சேனை அதன்மேல் பாய்ந்து, பெருஞ் சேதத்துடன் பின்வாங்கியது. கர்னல் அக்னியூ புதிய படைகளுடனும் பீரங்கிகளுடனும் வந்து, மே 24-ஆம் தேதிதான் கோட்டையைப் பிடிக்க முடிந்தது. ஒரு மண்சுவர், முள்வேலி, நீண்ட ஈட்டிகள். இவற்றின் முன் ஒரு சாம்ராஜ்யம் ஏறக்குறைய இரண்டு மாதம் காத்து நின்றது.

இதைப் பாடப் புத்தகத்தில் நான்கு வரியில் படித்த பையன் பரீட்சையோடு மறந்துவிடுகிறான். அதே பையன் மேஜைமேல் அந்த மண்கோட்டையை அமைத்து, முதலில் ஊமைத்துரையாகவும், அடுத்த ஆட்டத்தில் அக்னியூவாகவும் ஆடட்டும். மண்சுவரில் குண்டு புதைந்து நின்றுவிடுவது ஏன், பீரங்கி வந்தபின் நிலைமை மாறியது ஏன், பாளையங்கள் தனித்தனியே நின்றதால் விளைந்த கேடு என்ன என்று அவனுக்கே விளங்கும். நம் முன்னோர் வீரத்தில் குறைந்து தோற்கவில்லை என்பதை ஒருவரும் சொல்லாமலே அறிவான். எதிரியின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் தன் தோல்வியின் காரணம் முழுமையாகத் தெரியும்.

கருமருந்தின் பாடம்

"காந்தி மகான் பிறந்த நாட்டில் குழந்தைகளுக்கு யுத்தம் கற்றுக் கொடுப்பதா?" என்று சில தாய்மார்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலைச் சிவகாசியிலேயே தேடலாம்.

வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்தால் கருமருந்து. 1801-இல் அக்னியூவின் பீரங்கியில் இருந்தது அதுதான். 1922-இல் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியதிலிருந்து, மழை குறைந்த இந்தக் கரிசல் பூமி நெருப்பையே தன் பிழைப்பாக்கிக்கொண்டது. தீப்பெட்டிக்குப் பின் பட்டாசும் வந்தது. கோட்டையை இடித்த கருமருந்து, குழந்தையின் கையில் பண்டிகையாக மாறியது. கொல்லும் பொருளைக் குதூகலமாக மாற்றும் வித்தையை நம் தேசத்தில் இவ்வூரைவிட நன்றாக அறிந்த ஊர் இல்லை.

ஆனால் அந்த வித்தைக்கு விலை உண்டு. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி, சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஒரு பட்டாசுத் தொழிற்சாலையில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். விதியை மீறிய இடத்தில், பண்டிகை மருந்து மறுபடியும் பீரங்கி மருந்தாகிவிடுகிறது. இச்சீமையின் குடும்பங்களுக்கு இதை எவரும் புத்தகம் வைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

போர் விளையாட்டும் அப்படித்தான். மனிதனுக்குள் போட்டியும் ஆவேசமும் கருமருந்தைப் போல் குவிந்து கிடக்கின்றன. அவை இல்லை என்று மறைப்பதனால் அவை அணைந்துபோவதில்லை. விதிக்கு உட்பட்டு, எதிராளியை நண்பனாகக் கொண்டு ஆடினால் அதுவே மத்தாப்பு. விதியும் நட்பும் போய்விட்டால் அது வெறும் வெடி. சேனாபதி வெறியைக் கற்றுக் கொடுக்கும் விளையாட்டை நான் சிபாரிசு செய்யவில்லை. தோற்றவன் சிரிப்பதையும், ஜயித்தவன் இடம் மாறி உட்காருவதையும் கற்றுக் கொடுக்கும் விளையாட்டையே சொல்கிறேன்.

இதற்கு அந்நிய நாட்டு ஈயப் பொம்மைகள் தேவையில்லை. கண்மாய்க் களிமண் இருக்கிறது; பிசைந்து 24 சிறு உருவங்கள் செய்யலாம். நவராத்திரிக் கொலு முடிந்ததும் மிஞ்சிய வர்ணம் இருக்கிறது. காலித் தீப்பெட்டிகளை அடுக்கினால் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை! ஓர் அளவுகோல், ஒரு பகடை, கோடை விடுமுறையில் ஒரு பிற்பகல். அக்காள் ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமும் உட்காரட்டும். தாத்தா மத்தியஸ்தம் செய்யட்டும்; சரித்திரத்தில் பிசகினால் அவர் திருத்துவார்; அவரே பிசகினால் பேத்தி திருத்துவாள்.

ஒரே ஒரு விதியை மட்டும் மறக்க வேண்டாம். ஆட்டம் முடிந்ததும் அந்தச் சாவடிப் பெரியவர் சொன்னது போலச் சொல்ல வேண்டும்: "இப்ப நீங்க புலியை எடுங்க, நான் ஆடு."